விரல் படாத குடுவை

பேராசிரியர்: ...அதான் கேக்கறேன். இந்தக் குடுவையைக் கழுவினது யாரு?

கழுவுபவர்: நான்தான் சார். இந்த ஆய்வகத்துல வேற யாரு கழுவறா?

பேராசிரியர்: கோவிச்சுக்காதீங்கம்மா. உள்ளே விரல் பட்டுச்சா?

கழுவுபவர்: விரலா! ஆசிட்ல ஊறப் போட்டு, ஏழு தண்ணி அலசி, உலையில ஐநூறு டிகிரியில வெச்சு எடுத்தது. கையுறை இல்லாம நான் பக்கத்துலகூடப் போறதில்ல.

ஆய்வாளர்: அவங்களை ஏன் சார் நிக்க வெச்சுக் கேக்கறீங்க? சோதனை என்னோடது. என்னைக் கேளுங்க.

பேராசிரியர்: உங்களையும்தான். வெறும் தண்ணி, நாலு வாயு... ஒரு வாரம் மின்பொறி விட்டீங்க. இப்போ அதுல அமினோ அமிலம் இருக்குன்னா...

கழுவுபவர்: நம்ம சதையெல்லாம் அதைக் கோத்துத்தானே சார் ஆயிருக்கு? உயிர் வர்றதுக்கு முன்னாடியே பூமியில அது எப்படி வந்துச்சுன்னுதானே பாக்கறீங்க?

பேராசிரியர்: அட! இதை யாரு சொன்னா உங்களுக்கு?

கழுவுபவர்: ...காதுல விழும் சார்.

பேராசிரியர்: அதே அமிலம் நம்ம வியர்வையிலயும் இருக்கு. ஒரு விரல் பட்டாப் போச்சு. போன தடவை நம்ம மானம் கப்பலேறினது மறந்துடுச்சா?

ஆய்வாளர்: போன தடவை கடையில வாங்கின குடுவையை அப்படியே வெச்சோம். இவங்க கழுவினதில்ல. இந்தத் தடவை ரெண்டு குடுவை சார். அதே தண்ணி, அதே வாயு, அதே கழுவல். ஒண்ணுல மட்டும் பொறி விடலை.

பேராசிரியர்: அதுல?

ஆய்வாளர்: ஒண்ணுமே இல்ல.

கழுவுபவர்: பின்னே!

பேராசிரியர்: போதாது. பொறி விட்ட குடுவையில மட்டும் விரல் பட்டிருந்தா? இடது வலது பார்த்தீங்களா?

ஆய்வாளர்: முடிவு இந்தக் கவர்ல இருக்கு... இன்னும் பிரிக்கலை.

கழுவுபவர்: அது என்ன இடது வலது?

ஆய்வாளர்: நம்ம ரெண்டு கை மாதிரி அந்த அமிலத்துக்கும் ரெண்டு வாட்டம். வியர்வையிலேருந்து வந்ததுன்னா அநேகமா எல்லாமே இடதா இருக்கும். தானா உண்டாயிருந்தா சரிபாதி.

கழுவுபவர்: பிரிங்க மேடம். என் கை மேல எனக்குச் சந்தேகமில்ல.

பேராசிரியர்: குடுங்க இங்கே... ம்...

ஆய்வாளர்: சார்?

பேராசிரியர்: இருங்க, கண்ணாடியைத் துடைச்சுக்கறேன்... இடது ஐம்பது. வலது... ஐம்பது!

ஆய்வாளர்: சார்!

பேராசிரியர்: முப்பது வருஷத்துல இவ்வளவு சுத்தமான சோதனையை நான் பார்த்ததில்ல. என்ன மேடம், கண்ணுல தண்ணி? அட... நீங்களுமாம்மா?

கழுவுபவர்: ஆசிட் நெடி சார்.

பேராசிரியர்: இன்னிக்கு எவனும் ஆசிட்டையே திறக்கலையே! சரி, சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுடுங்க. கட்டுரையில உங்க பேரும் வரணும்.

கழுவுபவர்: எனக்கெதுக்கு சார்...

ஆய்வாளர்: வரணும் சார். வந்தே ஆகணும்.

கழுவுபவர்: ஏய், சும்மா இருடி!

பேராசிரியர்: ...'டி'யா? மேடத்தையா?

கழுவுபவர்: வாய் தவறிடுச்சு சார்... இல்ல, இனிமே எதுக்கு மறைக்கணும்? அவ நான் பெத்த பொண்ணு. அம்மா தயவுல உள்ளே வந்தான்னு எவனும் ஒரு சொல் சொல்லிடக் கூடாதுன்னு, ரெண்டு பேருமாப் பேசி வெச்சுக்கிட்டு, ரெண்டு வருஷமா வாய் நிறைய 'மேடம்'னேன். இப்போ அவ எப்பேர்ப்பட்ட ஆளுன்னு அந்தக் காகிதத்தை நீங்களே படிச்சுச் சொல்லிட்டீங்க. இனிமே நான் சொன்னா என்ன சார்?