நாய்னு எழுதியிருந்துச்சு

இல்லண்ணே, நாற்காலி வேணாம். நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போயிடுறேன். நீங்க கேட்டுக் கதவத் தொறந்து விட்டதே பெருசு. நானா இருந்தா தொறந்திருக்க மாட்டேன்.

ம்? பசியாறல. வேணாம், தேத்தண்ணியும் வேணாம். மூணு நாளா எதுவும் எறங்கல. வாயில வெச்சா கொமட்டிக்கிட்டு வருது. எல்லாம் என் மவன் கெல்வின் வீட்டுச் சோறுதான். நான் ஆக்குனதுதான், சோத்துல ஒரு கொறையும் இல்ல. அவன் எதுக்க உக்காந்து பெசஞ்சு திங்கிறத பார்த்தா எனக்கு வயித்தப் பொரட்டுது. பெத்த புள்ளய பார்த்து ஒரு தாய்க்கு வாந்தி வருமா சொல்லுங்க. எனக்கு வருது.

அண்ணி உள்ளதான் இருக்காங்கன்னு தெரியும், பாத்திரம் கழுவுற சத்தம் கேக்குது. வெளிய கூப்புடாதீங்க. வள்ளிநாயகி அண்ணி மொகத்த பார்த்துப் பேச எனக்குத் தைரியம் இல்ல. காதுல விழுந்தா போதும்.

சண்ட போட வரலண்ணே. சத்தியமா இல்ல. சண்ட போட்ட காலத்துல நான் கேட்டுக்கு வெளிய நின்னுதான கத்துனேன். இன்னிக்கி உள்ள வந்திருக்கேன்ல.

இருவது வருசம் இந்த எஸ்டேட்ல நமக்கு ஒரே வேலி. என் வீட்டுக்காரரு அந்தோனி செத்தப்போ பொட்டிய தூக்குனதுல நீங்க ஒருத்தரு. எங்க ஜெபம் உங்களுக்குத் தெரியாது, ஆனா மண்ணு போட்டு முடியிற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு நின்னீங்க. அதெல்லாம் மறந்துட்டேன். என் நாயிங்க ராணிக்கும் குட்டையனுக்கும் அப்படி ஆனப்போ எல்லாம் மறந்து போச்சு.

ராணிய நான் எங்க எடுத்தேன்னு உங்களுக்குச் சொல்லியிருக்கேனா? மருந்தடிக்கிற கேங்ல இருந்தப்போ, பதினாறாம் நம்பரு காட்டுல, வெட்டிப் போட்ட செம்பனை ஓலைக்குள்ள கெடந்துச்சு. கண்ணே தொறக்கல. தூக்கிப் போட்டுட்டு வேலயப் பாருன்னு எங்கள வேல வாங்குற மண்டோர் புனிதன் சொன்னான். நான் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டு வந்துட்டேன். அது போட்ட குட்டியில தங்குனது குட்டையன் மட்டும்தான். அந்தோனி போனதுக்கப்புறம் அந்த வீட்டுல என்கூட மூச்சு விட்டதே அதுங்க ரெண்டுந்தான்.

என் மருமவளுக்கு ஆவாது. பெட்ரிசியா. ஞாயித்துக்கெழம வருவா, வாசல்லயே மூக்கப் பொத்திக்குவா. டிஷ்யூ வெச்சு நாற்காலியத் தொடைப்பா, தொடைச்ச டிஷ்யூவ ரெண்டு வெரலால தூக்கி என் கையில குடுப்பா. என் வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல. சரி, வயித்துல புள்ள இருக்கு, அப்படித்தான் இருக்கும்னு நானும் பேசாம இருந்தேன். புள்ள பொறந்தா நான் டவுனுக்கு, தெமியாங்குக்கு வந்து அவங்க பிளாட்ல இருந்து பார்த்துக்கணும்னு கெல்வின் கேட்டான். நாயிங்கள பிளாட்டுக்குக் கொண்டு போக முடியாது, விட்டுட்டு வர எனக்கு மனசு இல்ல, ஆளு வெச்சுக்கன்னு சொல்லிட்டேன். அஞ்சாறு வாட்டி கேட்டான். அப்புறம் கேக்கல. நான் என்னா நெனச்சேன், புள்ளைக்குப் புரிஞ்சு போச்சுன்னு நெனச்சேன்.

ஒரு ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் வந்து சாப்புட்டுட்டுப் போனாங்க. மறுநாள் காலைல வேலைக்குப் பெரட்டுல பேரு குடுக்கக் கெளம்புறேன், கதவத் தொறந்தா குளிக்கிற ரூம்பு காவா ஓரத்துல ரெண்டும் கெடக்குது. ராணி வெறச்சுப் போச்சு. குட்டையன் இழுத்துக்கிட்டு இருந்தான். வாயெல்லாம் நொர, பின்னாடியெல்லாம் கழிஞ்சு… மடியில தூக்கி வெச்சுக்கிட்டேன், என் மடியிலயே போயிட்டான். அந்தப் பாவாடைய எத்தன வாட்டி அலசியும் வாட போவல, கொளுத்திட்டேன்.

கெல்வினுக்கு போன் போட்டேன். அவன் வந்தானே, அத நீங்களே பார்த்தீங்கள்ல? லீவு போட்டுட்டு வந்தான். வேலைக்குப் போற சட்டையோட வாழமரத்துக்குப் பின்னாடி குழி வெட்டுனான். அவனேதான் தூக்கிப் போட்டு மூடுனான். என்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதான். யாருடா இப்படிச் செஞ்சதுன்னு கேட்டேன். வேலிப் பக்கம் மோவாயக் காட்டுனான். மாயாண்டி அங்கிள்தாம்மா, வேற யாரு, கோழியப் புடிச்சிருச்சுன்னு போன மாசம் கத்துனாருல்லன்னான்.

கத்துனீங்கதான? கால ஒடைப்பேன்னு சொன்னீங்க. கோழி போனா எல்லாரும் சொல்ற பேச்சுதான் அது. ஆனா எனக்கு அது போதும்.

அதுக்கப்புறம் நான் செஞ்சத நீங்க மறந்திருக்க மாட்டீங்க. அஞ்சு மாசம் இந்த கேட்டக் கடக்குறப்பல்லாம் காறித் துப்புனேன். அண்ணி தீபாவளிக்கு முறுக்கு கொண்டாந்தாங்க, அவங்க கண்ணு முன்னாலயே காவாயில கொட்டுனேன். தட்டத் திருப்பிக் குடுத்தேன், கழுவக்கூட இல்ல. நல்லசாமி மவ கல்யாணத்துல நீங்க பந்தியில சோத்து வாளிய வெச்சிக்கிட்டு பரிமாறிக்கிட்டு இருந்தீங்க. நாய்க்கு வெஷம் வெச்ச கையி, அது போடுற சோத்த யாரு திம்பான்னு அத்தன பேரு முன்னால கேட்டேன். நீங்க வாளிய கீழ வெச்சீங்க. துண்டுல கையத் தொடைச்சீங்க. எறங்கிப் போயிட்டீங்க. ஒரு வார்த்த பேசல. பேசாம போறாரு பாரு, அவருதான்னு நான் பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொன்னேன்.

ஆமாண்ணே. தெரிஞ்சிருச்சு. எப்படித் தெரிஞ்சிச்சுன்னு சொல்றேன், கேளுங்க.

எனக்கு அம்பத்தஞ்சு முடிஞ்சிச்சு, எஸ்டேட்ல வேலைய விட்டு நிறுத்துனாங்க, நாயும் இல்ல, என்னா செய்யிறது, தெமியாங்குக்குப் போனேன். பேத்தியப் பார்த்துக்கிட்டேன். அது தங்கமான புள்ள, அதக் கொற சொல்ல மாட்டேன். அங்க கோயிலுக்குப் பின்னால ஒரு ரூம்புல சனிக்கெழம மத்தியானம் படிக்காதவங்களுக்குப் பாடம் நடத்துறாங்க. லோகேஸ்வரின்னு ஒரு டீச்சர். எழுதத் தெரியாத பொம்பளைங்க பத்து பேரு. உங்களுக்குத்தான் தெரியுமே, நான் ஸ்கூலு வாசல மிதிச்சதில்ல. கோயில்ல பாட்டுப் பொஸ்தகத்த விரிச்சு வெச்சுக்கிட்டு வாய மட்டும் அசைப்பேன். மருந்து டின்ன மூடியோட கலரப் பார்த்துத்தான் எடுப்பேன். செவப்பு மூடி பொல்லாதது, பச்ச மூடி பரவால்ல. முப்பது வருசம் அப்படித்தான் ஓட்டுனேன்.

அங்க ரூமி சொல்லிக் குடுத்தாங்க. அதாண்ணே, இங்கிலீசு எழுத்துல மலாய் எழுதுறது. மலாய் எனக்குப் பேச வரும்ல, எழுத்தக் கூட்டிட்டா போதும், புரிஞ்சிரும். மொத மொத நானா படிச்சது பேத்தியோட பால் டின்னு. எஸ், யூ, எஸ், யூ. சூசூ. பாலு. ரெண்டு நாளு அந்த டின்னத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். கெல்வின் சிரிச்சான். இந்த வயசுல படிச்சு ஆபீஸ்ல கிராணி வேலைக்கா போவப் போறன்னான். பெட்ரிசியா பொஸ்தகத்த மேசையில வெக்காதீங்கம்மா, பூச்சி வரும்னா.

டீச்சர் போன்ல பாடம் அனுப்புவாங்கன்னு சொன்னேன். அவன் புது போன் வாங்கியிருந்தான், பழச எனக்குத் தூக்கிப் போட்டான். அதுல அவன் அனுப்புனது, அவ அனுப்புனது எல்லாம் அப்படியே கெடக்கு. அழிக்கல. எதுக்கு அழிப்பான்? அம்மாவுக்கு என்னா தெரியும். வீட்டுலயும் அப்படித்தானே, என்னைப் பத்தி எழுதுன கடுதாசிய என் மூக்குக்கு முன்னாலயே விரிச்சுப் போட்டுட்டுப் போவாங்க.

செவ்வாக்கெழம மத்தியானம் புள்ள தூங்குது. படிச்சுப் பழகலாம்னு அந்த போன எடுத்து மேல மேல தள்ளிக்கிட்டே போறேன். நெறைய எழுதியிருக்கு, ஒண்ணும் மலாய் மாதிரி தெரியல. நான் படிச்சது தப்போன்னு வாய்விட்டுக் கூட்டுறேன். என், ஏ, ஏ, ஐ. நா… நாஐ… நாய். தமிழுண்ணே. இந்தக் காலத்துப் புள்ளைங்க ரூமி எழுத்துல தமிழ் எழுதுறாங்க, எனக்கு யாரும் சொன்னதில்ல. சிரிச்சுட்டேன். தனியா உக்காந்துக்கிட்டு, நாய்னு படிச்சுட்டேன்னு சிரிச்சேன்.

அப்புறம் அதுக்கு அடுத்தத கூட்டுனேன்.

ஒரு மணி நேரம் ஆச்சு. நாலு வரிதான். ரெண்டு நாயும் முடிஞ்சிச்சு. அம்மா அழுவுது. மாயாண்டி மேல சொல்லிட்டேன். இனி நம்ம வீட்டுக்கு வந்துரும். அதுக்கு அவ, பேபிக்கு நல்லதுன்னு எழுதி, கட்ட வெரலு படம் ஒண்ணு போட்டிருக்கா.

நான் நம்பல. புதுசா படிக்கிறவ, தப்பாப் படிச்சிருப்பேன்னு மறுபடி படிச்சேன். மூணாவது வாட்டியும் அதேதான் வருது. புள்ளயத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு டீச்சர் வீட்டுக்கு நடந்தேன், ரெண்டு சந்து தள்ளித்தான். டீச்சர், இது சரியாப் படிக்கிறேனா பாருங்கன்னு போனக் குடுத்து, படிச்சுக் காட்டுனேன். அந்தப் பொண்ணு கேட்டுச்சு. சரியாத்தான் படிக்கிறீங்க ஏஞ்சலா அக்கான்னுச்சு. அப்புறம் போனக் குப்புறக் கவுத்து வெச்சுருச்சு.

சாயங்காலம் அவன் வந்தான். சாப்புட உக்காந்தான். கேட்டேன். மறைக்கல. அதுதாண்ணே எனக்கு அருவருப்பு. மறைச்சிருந்தாக்கூட, பயமாச்சும் இருக்குன்னு நெனச்சிருப்பேன். கொழம்பு ஊத்துன கையோட, நாய்தானேம்மா, உனக்காகத்தான செஞ்சேன், எத்தன நாளைக்கு நீ அந்த எஸ்டேட்ல கெடப்பன்னான். நாய்தானேம்மா. சொல்லிட்டு ஒரு எலும்ப உறிஞ்சுனான். குழி வெட்டுனது அந்தக் கையி. என் முதுகத் தடவுனது அந்தக் கையி. அதே கையி வெரல நக்கிக்கிட்டு இருக்கு. நான் பின்பக்கம் ஓடிப் போயி வாந்தி எடுத்தேன்.

மூணு நாளு அவங்க வேற ஆளப் பார்க்குற வரைக்கும் புள்ளைக்காக இருந்தேன். இன்னிக்கிக் காலைல மொத பஸ்ஸுல நம்ம பெடாஸ்ல வந்து எறங்கிட்டேன். இனி அந்த வீட்டுக்குப் போவல. கோலா பிலாவுல தங்கச்சி இருக்கா, அவகூட இருந்துக்குவேன். அவகிட்ட போன்ல சொல்லிட்டேன், அங்கயும் ஒரு கிளாஸு இருக்கான்னு விசாரிக்கச் சொல்லியிருக்கேன்.

வர்ற வழியில சாப்பாட்டுக் கொட்டாயில எல்லாரும் பசியாறிக்கிட்டு இருந்தாங்க. நல்லசாமி இருந்தாரு, மண்டோர் புனிதன் இருந்தான், கேங்கு பொம்பளைங்க இருந்தாங்க. அத்தன பேரு முன்னாலயும் சொல்லிட்டேன். மாயாண்டி அண்ணன் நாய்க்கு வெஷம் வெக்கல, வெச்சது நான் பெத்தது, நான் அந்த மனுசன் மேல அபாண்டமா பழி போட்டேன்னு. நல்லசாமி தலையத் தொங்கப் போட்டுக்கிட்டாரு. சாயங்காலம் உங்களப் பார்க்க வருவாரு. உள்ள விடுங்க, அவரு மேல தப்பு இல்ல.

அழாதீங்கண்ணே. எனக்காக அழாதீங்க, வேணாம். அண்ணி, நீங்களும் அங்கயே நில்லுங்க. இன்னும் முடியல.

நீங்க கேக்கல, ஆனா மனசுல நெனைப்பீங்க, அவன ரெண்டு அறை விட்டியான்னு. கைய ஓங்குனேன். ஓங்குன கைய எறக்கிட்டேன். அடிக்க முடியல. பாசம் இல்லண்ணே, அதெல்லாம் இல்ல. அது ஏன்னு கொட்டாயில சொல்லல. உங்ககிட்டதான் சொல்லணும்.

உங்க நாயி வீரா. கறுப்பு, நெஞ்சுல மட்டும் வெள்ள. நான் தெமியாங்குக்குப் போறதுக்கு ஒரு வாரத்துக்கு முன்னாடி செத்துச்சு. பாம்பு கடிச்சிருச்சுன்னு சொன்னீங்க. பாராங் கத்திய எடுத்துக்கிட்டு மூணு நாளு பின்னாடி இருக்குற புல்லெல்லாம் வெட்டுனீங்க, பாம்பப் பார்த்தே ஆவணும்னு. நான் சன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். நல்லா இருந்துச்சு எனக்கு. பொய் சொல்லல, அப்போ நல்லா இருந்துச்சு.

பாம்பு ஒண்ணும் இல்லண்ணே. அன்னிக்கி நீங்களும் அண்ணியும் கிலினிக்குக்குப் போயிருந்தீங்க. செவப்பு மூடி டின்னு. ஸ்டோர்லேருந்து கொஞ்சம் எடுத்துக்கிட்டு வந்திருந்தேன். கறியில போட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போடலாம்னுதான் போனேன். என்னப் பார்த்ததும் வீரா வாலாட்டிக்கிட்டு ஓடி வந்துச்சு. தூக்கிப் போடல.

என் கையிலதான் தின்னுச்சு.