தரைக்குக் கீழே ஒரு ஆர்க்கிடெக்ட்

லண்டன் வால்தம்ஸ்டோ பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இருவரும் மழையில் நனைந்திருந்தார்கள். கோயிலாக்குவதற்காக ஒரு பழைய சேர்ச்சைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

“சவத்துக்கு மேலை பிள்ளையாரை வைக்க ஏலாது, அண்ணை,” என்றார் இளையவர்.

“ஆற்றை சவம்?”

“போன நூற்றாண்டிலை அதைக் கட்டின ஆர்க்கிடெக்ட். லண்டன் முழுக்க எத்தினையோ சேர்ச் கட்டினவராம். சாகேக்கை இதுக்குள்ளைதான் தன்னைப் புதைக்கச் சொன்னவராம். தரைக்குக் கீழைதான் கிடக்கிறார்.”

“அப்ப?”

“கவுன்சில் ஓமெண்டால், கிளப்பி வேறை இடத்திலை தாட்டுவிடலாம்.”

மூத்தவர் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைக் கையால் துடைத்து, வெளியே பார்த்தார்.

“அந்த மனுசனாவது தான் கட்டினதுக்குள்ளை கிடக்கட்டும், தம்பி. ஊரிலை நான் கட்டின வீட்டுக்குள்ளை ஆமிக்காரன் படுக்கிறான்.”