வலது பக்கக் கீழ்மூலை

– நில்லு லீடர், நில்லு! உன் ஃபாரத்துல வலது பக்கக் கீழ்மூலையில என்ன எழுதின?

– ரோல் நம்பர். ஏன்டா இப்படி மூச்சு வாங்குது?

– பேராசிரியர்களைப் பத்தி பேர் போடாம எழுதற ஃபாரம் அது! பேரோ நம்பரோ கூடாதுன்னு தலைப்புலயே அச்சடிச்சிருக்கு!

– ஐயையோ... கை தானா போட்டிருச்சுடா.

– என் கையும்தான். எல்லாம் அந்த அரைமார்க் மேடம் பண்ணின வேலை! மூணு வருஷமா எந்தத் தாள்ல மூலையில நம்பர் இல்லேன்னாலும் அரை மார்க் வெட்டு. விசாரிச்சுப் பார்த்தேன், அறுபது பேரும் போட்டிருக்கானுங்க!

– சரி, நீ அவங்களைப் பத்தி என்ன எழுதித் தொலைச்ச?

– "இரக்கமே கிடையாது. வேலையை விட்டுத் தூக்குங்க."

– அடப்பாவி! நாளைக்கு உனக்கு வைவா பரீட்சையில கேள்வி கேக்கப் போறதே அவங்கதானே?

– அதுக்குத்தான் ஓடி வரேன். ஃபாரக் கட்டு எங்க?

– திட்டாதே. லேப் நோட்டுக் கட்டோட சேர்த்து... அவங்க மேசையிலயே வெச்சிட்டேன்.

– லீடரா நீ? எமன்!

– அப்புறமா திட்டு, இப்ப அவங்க ரூமுக்கு ஓடு!

– போச்சு, மேசையில ஃபாரக் கட்டைக் காணோம். லேப் நோட்டுதான் இருக்கு. பக்கத்துல ஒரு கத்தரிக்கோல்.

– ஆபீசுக்குப் போயிருக்கும். படியில வா, சீக்கிரம்!

– க்ளார்க் அண்ணே! மூணாம் வருஷத்து ஃபாரம்...

– வந்தாச்சு தம்பி. மேடமே கொண்டாந்து குடுத்தாங்க. நாலு மணிக்குக் கமிட்டி. அவங்க அடுத்த வருஷம் இருக்கணுமா கிளம்பணுமான்னு இதை வெச்சுத்தான் முடிவு.

– படிச்சிருப்பாங்க லீடர். வைவால என் கதை முடிஞ்சுது.

– மெதுவாப் பேசுடா. அண்ணே, மூலையில நம்பர் ஏதாவது இருந்துச்சா?

– நம்பரா? மூலையே இல்லைம்மா! அறுபது தாள்லயும் ஒரே அளவா வெட்டியிருக்கு. என்ன மேடம்னு கேட்டேன். "யார் எழுதினதுன்னு யாருக்கும் தெரியக் கூடாதே, பசங்க மறந்துட்டாங்க"ன்னுட்டுப் போயிட்டாங்க.

– திட்டி எழுதினதைக்கூட எடுக்கலையா அண்ணே?

– அறுபதும் இருக்கு. எண்ணித்தான் வாங்கினேன்.

– தப்பிச்சடா! வா, கிளம்பு. ஏன் மரம் மாதிரி நிக்கற?

– மணி என்ன அண்ணே?

– மூணே முக்கால்.

– வெறும் ஃபாரம் ஒண்ணு குடுங்க. இந்தத் தடவை மூலையில நம்பரோட பேரையும் போட்டுத் தரேன்.