கூழாக்கிய தண்ணீர்

கிளிநொச்சிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவரின் மடியில் ஒரு மா ரின், மூடி போட்ட தகரப்பேணி.

“என்ரை மனுசனுக்குத் தண்ணியையும் கூழ் மாதிரித் தடிப்பாக்கித்தான் குடுத்தனான்,” என்றார் மூத்தவர்.

“ஏனக்கா?”

“பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தாப்பிறகு வெறுந்தண்ணி சுவாசப்பைக்குள்ளை போயிடும் எண்டு ஸ்பீச் தெரபி மிஸ் சொன்னவா. இந்த மாவைக் கலந்து, அவரை நிமிர்த்தி இருத்தி, கரண்டி கரண்டியாப் பருக்கவேணும். விழுங்கினாப்பிறகுதான் அடுத்த கரண்டி. மிச்ச மாவை ஆஸ்பத்திரியிலை குடுத்துப்போட்டு வருவம் எண்டு போறன். வேறை ஆருக்கும் உதவுமெல்லோ.”

“செத்தவீட்டுக்கு எனக்கு வர ஏலாமல் போச்சக்கா.”

அவர் ரின்னின் மூடியை இன்னொருமுறை இறுக்கினார்.

“வாய்க்கரிசி போட மகள் குனிஞ்சவள். ‘படுத்திருக்கேக்கை குடுக்காதை பிள்ளை, அப்பாவுக்குப் புரைக்கேறும்’ எண்டு அவளின்ரை கையைப் பிடிச்சுப்போட்டன்.”