சாரதாம்பாள் திருப்பி அனுப்பிய கெம்பு செட்

பார்சலைப் பிரிக்கக் கத்தரிக்கோலைவிடப் பழைய சாவிதான் நல்லது. டேப்பின் நடுவில் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், உள்ளே இருக்கிற நகையில் கீறல் விழாது. விற்கிறவனுக்குப் பெட்டியை ஒட்டுகிற வேலைதானே, பிரிக்கிற வேலை எங்கே வந்தது என்று நீங்கள் கேட்கலாம் மேடம். ஆன்லைனில் நகை விற்றால் ஒட்டுவதில் பாதியைப் பிரித்தாக வேண்டும். போனதெல்லாம் திரும்பி வரும்.

என் பெயர் பூபாலன். சொந்த ஊர் படாளம். செங்கல்பட்டில் ஒரு நகைக்கடையில் பதினோரு வருஷம் கவுன்டரில் நின்றேன். கடையை மூடிவிட்டார்கள். பெண்களுக்கு நகையை எடுத்துக் காட்டுவதைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது. அதையே போனில் காட்டலாமே என்று சொன்னது என் மனைவி பிரிசில்லா. ஊரப்பாக்கத்தில் வாடகை மாடியில் ஆரம்பித்தோம். எல்லாம் கவரிங் நகைதான். கெம்புக்கல் நெக்லஸ், ஜிமிக்கி, நெத்திச்சுட்டி. போட்டோவில் தெரிகிற கழுத்து அவளுடையது. பேக்கிங் என்னுடையது.

திரும்பி வந்ததற்காக நான் யாரிடமும் சண்டை போட்டதில்லை. திருப்பி அனுப்பும் காரணம் என்று ஆப்பில் ஒரு கட்டம் இருக்கும். ஒரு பெண் அதில், ‘நாத்தனாரும் இதையே வாங்கிவிட்டாள்’ என்று எழுதியிருந்தாள். ஒருவர் நெக்லஸுக்குப் பதிலாக ஃபியூஸ் போன பல்பை வைத்து அனுப்பியிருந்தார். பிரிசில்லா தலையில் அடித்துக்கொண்டாள். நான் சிரித்தேன். அந்தப் பல்பு ரொம்ப நாள் எங்கள் ஷெல்ஃபில் இருந்தது. எனக்குப் பொறுமை அதிகம். கடை முதலாளியே அதைச் சொல்லியிருக்கிறார்.

சாரதாம்பாள் என்ற அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. கணவர் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்துக் காலமானவர். அணுபுரம் டவுன்ஷிப்பைத் தாண்டிச் சொந்த வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகன் லக்ஷ்மிநாராயணன் புனேயில். இரண்டு வருஷத்தில் என்னிடம் ஒன்பது முறை வாங்கினார். ஒன்பதும் திரும்பி வந்தன. ஒருமுறை, கல் போட்டோவில் மாதுளை நிறம், கையில் பீட்ரூட் நிறம் என்றார். ஒருமுறை கொக்கி குத்துகிறது. ஒருமுறை, போட்டால் வயதானவள் போலத் தெரிகிறது என்று எழுதியிருந்தார். பெட்டியைத் திறந்தாலே அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறும். கொக்கியில் ஒரு நரைமுடி சிக்கியிருக்கும். ஒருதடவை மல்லிகைக் காம்பு ஒன்று இருந்தது. போட்டுக்கொண்டு போன விசேஷம் முடிந்ததும் திருப்பி அனுப்புகிறார் என்று புரிந்தது. துடைத்து, பாலிஷ் போட்டு, மறுபடி விற்றேன்.

கூரியர்காரர்கள் அந்த வீட்டுக்குப் போக மாட்டோம் என்று சொன்னபோது இரண்டு தடவை நானே ஸ்கூட்டரில் போய் வாங்கி வந்தேன். முதல் தடவை கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு, “நீ எந்த ஊருப்பா?” என்றார். படாளம் என்றேன். “படாளத்துல எந்தப் பக்கம்?” என்றார். சொன்னேன். அதற்கப்புறம் பார்சலை என் கையில் கொடுக்கவில்லை. மதில்மேல் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். நான் எடுத்துக்கொண்டேன். அது காரணமில்லை மேடம். அதை எழுத வேண்டாம்.

போன ஆவணியில் மாமல்லபுரம் கடற்கரையோரம் ஒரு ரிசார்ட்டில் கல்யாண வரவேற்பு. மணப்பெண்ணின் தங்கைக்கு ஒரு செட் அவசரமாகக் கேட்டார்கள் என்று நேரில் கொண்டுபோனேன். புல்தரையில் நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசையில் சாரதாம்பாள். முந்தின வாரம் நான் அனுப்பிய கெம்பு செட் அவர் கழுத்தில் இருந்தது. அழகாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கடல்காற்றுக்குப் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் விற்ற நகையை அவ்வளவு கம்பீரமாக யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. போனை எடுத்து ஒரு படம் எடுத்தேன்.

மூன்றாம் நாள், ‘பெட்டியைப் பிரிக்கவே இல்லை, வேண்டாம்’ என்று திருப்பக் கேட்டார். நான் முதல்முறையாக முடியாது என்றேன். ஆதாரமாக அந்தப் படத்தை இணைத்தேன்.

அன்று சாயந்திரமே ஒற்றை நட்சத்திரம் விழுந்தது. அதன் கீழே எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். ‘இவன் பெண்களை அவர்களுக்குத் தெரியாமல் போட்டோ எடுக்கிறவன். வீட்டு விலாசமும் இவனிடம் இருக்கிறது. ஜாக்கிரதை.’

ஆப்காரர்கள் விசாரணை என்று கடையை நிறுத்திவைத்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. எங்கள் தெருவிலேயே வாங்குகிற பெண்கள் உண்டு. மாடிப்படியில் என்னைப் பார்த்தால் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பேச்சு நின்றுபோகும். பிரிசில்லா ஒரே ஒருமுறைதான் கேட்டாள்.

“நீ எதுக்குய்யா அந்தம்மாவ போட்டோ புட்ச்ச?”

“ஆதாரத்துக்குத்தான். வேற இன்னாத்துக்கு?”

“தெர்யும். சொம்மா கேட்டேன்.”

சும்மா கேட்டாள். ஆனாலும் கேட்டாள். இருபது வருஷம் என்னோடு வாழ்ந்தவள்.

சாரதாம்பாளுக்கு நாள்தோறும் போன் செய்தேன். எடுக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, வழியில் ஒரு பார்ட்டியைப் பார்த்துவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனேன். கெஞ்சத்தான் போனேன். பதினொன்றேகால் இருக்கும். அந்த அம்மா கதவைத் திறந்தார், என்னைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. “உள்ள வாப்பா,” என்றார். உட்காரச் சொன்னார். வீட்டுத் தம்ளரில் காபி கொண்டுவந்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. நான் பன்னிரண்டுக்குக் கிளம்பினேன்.

மறுநாள் வேலைக்கு வந்த பெண் பார்த்திருக்கிறாள். பழைய ஆஸ்துமா, தனியாக இருந்தபோது மூச்சு முட்டிவிட்டது என்று டாக்டர் எழுதினார். மகன் வந்து காரியம் செய்தார். யாரும் என்னைத் தேடவில்லை. நீங்களும் தேடவில்லை மேடம், நானாகத்தான் வந்தேன்.

அந்த வாரமே கடையைத் திறந்துவிட்டார்கள். ஆர்டர் வந்தது, பார்சல் திரும்பியும் வந்தது. சேலத்திலிருந்து வந்த பெட்டியைப் பிரித்தேன். அந்துருண்டை வாசனை. வேலூரிலிருந்து வந்ததைப் பிரித்தேன். அதே வாசனை. பிரிசில்லாவிடம் நீட்டினேன். அவள் மோந்து பார்த்து, “இன்னா வாசன? ஒண்ணும் வர்ல. அட்டப்பொட்டி வாசனதான் கீது,” என்றாள். பிறகு புதுச் சரக்கிலேயே வந்தது. இன்னும் யார் கழுத்தும் படாத நகையின் கொக்கியில் நரைமுடி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். இருந்ததில்லை. இல்லாதபோது இன்னும் கவனமாகத் தேடினேன். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தால் என் விரலில் அந்த வாசனை. மதியம் யாராவது படியேறி வந்தால், நடுவில் நின்று மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கும். எட்டிப் பார்ப்பேன். படியில் ஆள் இருக்காது.

ஒருநாள் லக்ஷ்மிநாராயணன் போன் செய்தார்.

“சார், அம்மா போன்ல உங்களப் பத்தி எழுதினதப் படிச்சேன். அவங்க யாரையும் லேசுல பாராட்ட மாட்டாங்க. கடைசியா உங்களப் பத்தித்தான் நல்லவிதமா எழுதியிருக்காங்க. அதான் ஒரு தேங்க்ஸ் சொல்லலாம்னு.”

“பெரியவங்க சார் அவங்க,” என்றேன்.

“உங்க செட் ஒண்ணு பீரோவுல இருக்கு. இங்க போட்டுக்க ஆளில்ல. உங்களுக்கே அனுப்பிடறேன்.”

நேற்று முன்தினம் அது வந்தது. காரணக் கட்டத்தில் அவர் சுருக்கமாக, ‘வாங்கியவர் இல்லை’ என்று போட்டிருந்தார். இத்தனை வருஷத்தில் எனக்கு வந்ததிலேயே நியாயமான காரணம் அதுதான். ஏற்றுக்கொண்டேன். பெட்டியைப் பிரித்தேன். வாசனையே இல்லை. எவ்வளவு மோந்தும் வரவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. இன்று காலை உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

பதினொன்றேகாலுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் நடந்ததை நான் தாண்டிவிட்டேன். அதைச் சொல்கிறேன்.

காபியை வைத்துவிட்டு, “உன் விஷயமாத்தான்,” என்று உள்ளே போனார். பீரோவைத் திறந்து கெம்பு செட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அந்துருண்டை நெடியோ என்னவோ, இருமல் பிடித்துக்கொண்டது. நாற்காலியைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஃப்ரிட்ஜ் பக்கம் கையைக் காட்டினார். அதன் மேலே நீல இன்ஹேலர் இருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். என் மாமனார் சாலமோனுக்கு அதே இன்ஹேலரை நானே எத்தனையோ முறை வாயில் வைத்து அழுத்தியிருக்கிறேன். போய் எடுத்தேன். ஆனால் கொடுக்கவில்லை.

“மொதல்ல அந்த எழுத்த எட்த்துடும்மா,” என்றேன். குரலை உயர்த்தவில்லை. மரியாதையாகத்தான் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். மேஜைமேல் இருந்த போனைக் காட்டினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், விசில் மாதிரி காற்றுதான் வந்தது. யாருக்கோ போன் போடச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். “நீயே எட்த்துட்டா ஒடனே குட்த்துர்றேன்,” என்றேன். என் பேன்ட்டைப் பிடித்தார். அந்த மதிலில் பார்சலை வைத்துவிட்டுத் தள்ளி நின்ற கை அது. இப்போது என் காலை விடவில்லை.

எதிரே சுவர்க் கடிகாரம் இருந்தது. ஆறு நிமிஷம் ஆயிற்று. பிடி தளர்ந்தது. அப்போது குனிந்து, அவர் கட்டைவிரலைப் பிடித்துப் போனில் வைத்தேன். திறந்தது. நானே அழித்துவிடலாம் என்று அந்தப் பக்கத்துக்குப் போனேன்.

அங்கே ஒற்றை நட்சத்திரம் இல்லை. காலை ஒன்பது மணிக்கே மாற்றி எழுதியிருந்தார். நான் அப்போது வழியில் இருந்தேன். மாற்றியதை மற்றவர்களுக்குக் காட்ட அந்த ஆப் அரை நாள் எடுத்துக்கொள்ளும். ‘இவருடைய மனைவி நேற்று என்னிடம் போனில் பேசினார். நான் முன்பு எழுதியது தவறு. நகையைப் போட்டுக்கொண்டது உண்மை. நன்றாக இருந்தது, வைத்துக்கொள்ளப் போகிறேன். நல்ல மனிதர்.’ நாலு நட்சத்திரம்.

பிரிசில்லா பேசினது எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லாமல் பேசியிருக்கிறாள். தன் பேச்சு பலித்ததென்று இன்றுவரை சந்தோஷமாக இருக்கிறாள். அவளிடம் நீங்கள் சொல்லும்போது மெதுவாகச் சொல்லுங்கள்.

அப்போதும் அந்த அம்மாவுக்கு மூச்சு இருந்தது. இதுவரை சொன்னதைக் கோபம் என்று வைத்துக்கொள்ளலாம். இனிமேல் சொல்வதை அப்படி வைத்துக்கொள்ள முடியாது. இன்ஹேலர் என் கையில்தான் இருந்தது. அவரோடு எனக்கு இனி ஒரு பிரச்சினையும் இல்லை. கண் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பிழைத்தால் நான் நின்று வேடிக்கை பார்த்ததைச் சொல்லுவாரே என்று தோன்றிற்று. ஒருமுறை மாற்றி எழுதினவர் மறுபடியும் மாற்றி எழுத மாட்டாரா.

இன்ஹேலரைத் துடைத்து ஃப்ரிட்ஜின் மேல் வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். காபி ஆறிப்போயிருந்தது, அவர் போட்டுக்கொடுத்ததை வீணாக்க மனம் வரவில்லை, குடித்தேன். விசில் சத்தம் நின்ற பிறகு தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். கெம்பு செட்டை எடுத்துப் பீரோவில் வைத்துச் சாத்தினேன். கிளம்பினேன்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. திருட்டு என்று மட்டும் சேர்க்க வேண்டாம். அந்த வீட்டிலிருந்து ஒரு குண்டூசியைக்கூட நான் எடுக்கவில்லை. போனைத் திருப்பி வைப்பதற்கு முன் அவர் விரலை இன்னொரு தடவை அதில் வைத்தேன். விரல் சூடாகத்தான் இருந்தது. நாலை ஐந்தாக்கினேன். அந்த ஒரு நட்சத்திரம் எனக்கு நியாயமாகச் சேர வேண்டியது, மேடம்.