நிமிடத்துக்கு எண்பத்தாறு

ஜெல் சில்லென்று இருக்கும் என்பதை நான் முதலிலேயே சொல்லிவிடுவேன். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, குளிர் விட்ட பிறகுதான் நெஞ்சில் தடவுவேன். இருபத்திரண்டு வருடமாக இதே கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுக்கிறேன், மேடம். என் கை பட்டு ஒருவரும் துள்ளியதில்லை. குழந்தைகள்கூடப் பேசாமல் படுத்திருக்கும்.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி. கால்பந்து கிளப்பின் நோட்டில் அந்தப் பையனுடைய நாடித் துடிப்பு, படுத்திருக்கும்போது, நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு என்று நான்கு இடங்களில் எழுதியிருக்கிறது. நான் எடுத்த ஈ.சி.ஜி. அட்டையில் மட்டும் எண்பத்தாறு வருகிறதே, எப்படி என்று கேட்டீர்கள். பயத்தில் ஏறியிருக்குமோ என்று நீங்களே எனக்கு ஒரு வழியும் காட்டினீர்கள். தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கையெழுத்துப் போட்ட பாவத்துக்கு டாக்டரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அவர் மேல் தப்பில்லை. அவர் முன்னால் நான் வைத்தது சுத்தமான அட்டை, எந்த டாக்டரும் அதில் கையெழுத்துப் போடுவார். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

கிளினிக்குக்கு எதிரே ஒரு சலூன் இருக்கிறது. மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை எங்களுக்கு இடைவேளை. சாப்பிட்ட கையோடு அங்கே போய்விடுவேன். சலூன்காரர், என் மனைவியின் அண்ணன், நான், இந்த மூன்று பேரும் நிரந்தரம். மச்சான் பஸ் டிரைவர். காலை ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு வந்து உட்காருவார். பேச்சு என்றால் கால்பந்து ஒன்றுதான். யார் பெரிய ஸ்ட்ரைக்கர், எது உண்மையான கோல், எது குருட்டு அதிர்ஷ்டம். நான் ஒரு கோலைத் தூக்கி வைத்துப் பேசினால், "அது காத்து அடிச்ச கோல், காலு அடிக்கல" என்பார் மச்சான். சலூன்காரர் அந்த நேரத்தில் நாற்காலியில் யார் தலை இருக்கிறதோ அவர் கட்சி. பதினெட்டு வருடமாக இதே பேச்சு, ஒரு நாளும் அலுத்ததில்லை.

மச்சானுக்கு எங்கள் ஊர் டீமின் பழைய கேப்டன்தான் தெய்வம். முப்பத்தாறு வயது, முழங்காலில் இரண்டு ஆபரேஷன், இன்னும் பெனால்ட்டி பெட்டிக்குள் நின்றால் கோல். எனக்குச் சின்னப் பையன்கள். பதினைந்து, பதினாறு வயதில் ஒருவன் பந்தைத் தொடுகிற விதத்திலேயே அவன் எங்கே போவான் என்று தெரிந்துவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஒவ்வொரு சீசனும் ஒரு பெயரைச் சொல்வேன். ஒருவன் படிக்கப் போய்விட்டான், ஒருவன் குண்டாகிவிட்டான், ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்தே காணாமல் போனான். அதனால் எனக்கு 'அடைகாக்குறவர்' என்று பட்டப்பெயர். நான் கதவைத் திறக்கும்போதே சலூன்காரர் ஆரம்பிப்பார்.

"என்ன சார், இந்த வருஷம் எத்தனை முட்டை?"

"எல்லாம் கூமுட்டை" என்பார் மச்சான். "மாப்ளே, பதினாறு வயசுல ஒரு கோல் யார் வேணா அடிப்பான். முப்பதுல நிக்கிறானா, அதைச் சொல்லுங்க."

நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளே சுருக்கென்று இருக்கும். பதினெட்டு வருடம் ஒரே ஆளிடம் தோற்றுக்கொண்டிருப்பது லேசான விஷயமில்லை, மேடம்.

நீங்கள் கேட்ட அந்தப் பையனை, குருவியை, முதலில் பார்த்தபோது அவனுக்குப் பதினான்கு வயது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் ஜூனியர் டீம் ஆடிக்கொண்டிருந்தது. குருவி என்பது கோச் வைத்த பெயர். ஆள் அவ்வளவு ஒல்லி, ஒரு இடத்தில் நிற்க மாட்டான். ஒரு டிஃபெண்டர் அவனை இடித்துத் தள்ளினான். விழுந்தவன் எழுந்து, ஷார்ட்ஸைத் தட்டிவிட்டு, அடுத்த நிமிடமே அதே ஆளின் கால்களுக்கு நடுவே பந்தை விட்டு எடுத்துக்கொண்டு போனான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மதியம் சலூனில் சொன்னேன்: இவன் பதினாறில் சீனியர் டீமில் ஆடுவான், நீங்கள் இதுவரை பார்க்காத ஒரு கோல் அடிப்பான்.

"எழுதி வச்சுக்கலாமா?" என்றார் மச்சான்.

சலூன்காரர் நிஜமாகவே ஒரு சீட்டில் எழுதிக் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்தார். இரண்டு வருடம் அது அங்கேயே இருந்தது. முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தால் கண் நேரே அதில்தான் போகும்.

சீனியர் டீமில் பெயர் சேர்க்க வேண்டுமென்றால் எங்கள் கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுத்து, டாக்டர் தகுதி எழுத வேண்டும். குருவி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தான். பதினாறு முடிந்து மூன்று மாதம். சட்டையைக் கழற்றிப் படுக்க வைத்தேன். ஜெல் சில்லென்று இருக்கும் என்றேன். "பரவாயில்லண்ணா" என்றான். கைகாலில் கிளிப் மாட்டி, நெஞ்சில் ஆறு ரப்பர் குமிழ்களை ஒட்டினேன். காகிதம் ஓட ஆரம்பித்தது.

எங்களுடையது பழைய மெஷின். காகிதம் ரிப்பனாக வரும். அதைத் துண்டு துண்டாக வெட்டி, அட்டையில் வரிசையாக ஒட்டி, மேலே பெயரைக் கையால் எழுத வேண்டும். நான் டாக்டர் இல்லை. ஆனால் இத்தனை வருடம் ரிப்பன் பார்த்தவனுக்கு எது சரி, எது சரியில்லை என்று தெரியும். குருவியுடைய ரிப்பனில் கோடுகள் உயரம் உயரமாக எழும்பின. அதன் பிறகு மெல்ல மேலே வளைய வேண்டிய இடத்தில், ஆழமாகக் கீழே கவிழ்ந்தன. ஒரு துடிப்பில் இல்லை, எல்லாத் துடிப்பிலும். இதயத்தின் தசை தடித்துப்போனவர்களுக்கு அப்படி வரும். அவர்கள் படி ஏறலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம். ஓடி ஆடக் கூடாது.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு ரிப்பன் வந்தது. பத்தொன்பது வயது கோல்கீப்பர். ஒழுங்காக டாக்டரிடம் காட்டினேன். அவர் ஸ்கேனுக்கு அனுப்பினார், அதோடு அவன் ஆட்டம் முடிந்தது. கிளினிக் படிக்கட்டில் உட்கார்ந்து அவன் அழுததை நான் பார்த்தேன். இப்போது திரைச்சீலைக் கடையில் துணி அளக்கிறான். ஒரு பெண் குழந்தை இருக்கிறது. சலூனுக்கு வந்தால், டிவியில் மேட்ச் ஓடும்போது நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்வான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். குருவியை அந்தக் கோலத்தில் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் இதைத்தான் முக்கியமாக எழுதிக்கொள்ள வேண்டும்.

அவனை அனுப்பிவிட்டேன். டாக்டர் மாலை ஐந்து மணிக்குத்தான் அட்டைகளைப் பார்ப்பார். என் மகனுக்குப் பதினைந்து வயது. பள்ளி விட்டு நாலே காலுக்கு கிளினிக் வழியாகத்தான் வீட்டுக்குப் போவான். மேலே கூப்பிட்டேன். மெஷினைச் சோதித்துப் பார்க்க வேண்டும், கொஞ்ச நேரம் படு என்றேன். மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாவி வந்திருந்தான். அவனுக்குக் கூச்சம் அதிகம். "அப்பா, ஐயோ, கூசுதுப்பா" என்று சிரித்து நெளிந்துகொண்டே இருந்தான். ரிப்பன் ஒழுங்காக வர மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் வந்தது அழகான ரிப்பன். வெட்டி ஒட்டினேன். மேலே குருவியின் பெயரை எழுதினேன். ஐந்து மணிக்கு டாக்டர் 'விளையாடத் தகுதியானவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நீங்கள் கேட்ட எண்பத்தாறு அதுதான். படி ஏறி வந்த என் மகனும் அவனுடைய சிரிப்பும்.

நான் யோசிக்காமல் செய்யவில்லை. ஜூனியர் டீமில் இரண்டு வருடம் ஓடியவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே. இந்த மாதிரி ரிப்பனோடு எண்பது வயது வரை இருக்கிறவர்கள் உண்டு. ஒரு சீசன் ஆடட்டும், சீசன் முடிந்ததும் நானே ஏதாவது சாக்குச் சொல்லி இன்னொரு தடவை எடுத்து டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். சுவர்க் காலண்டரில் அந்த வாரத்தில் ஒரு புள்ளிகூட வைத்திருந்தேன்.

ஐந்தாவது ஆட்டத்தில் அந்த கோல். நீங்களும் பார்த்திருப்பீர்கள், பார்க்காதவர் யார். எங்கள் கோல்கீப்பர் உதைத்த பந்து பாதி மைதானம் தாண்டி அவன் தோளுக்குப் பின்னால் இறங்குகிறது. ஓடிக்கொண்டே வலது பாதத்தின் மேல் அதை வாங்குகிறான். டிஃபெண்டர் தலைக்கு மேலே தூக்கிவிட்டு, ஆளைச் சுற்றி ஓடி, இறங்குகிற பந்தை இடது காலால் அடிக்கிறான். கோல்கீப்பர் உதைத்ததிலிருந்து வலைக்குள் விழுகிற வரைக்கும் அந்தப் பந்து தரையைத் தொடவே இல்லை.

நாங்கள் சலூன் டிவியில் பார்த்தோம். மச்சான் பாதி முகம் நுரையோடு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடி ஓரத்துச் சீட்டை உருவி என் கையில் கொடுத்தார்.

"சரி மாப்ளே, ஒத்துக்கிறேன்" என்றார் மச்சான். "இப்படி ஒண்ணை எங்க ஆளு ஜென்மத்துக்கும் அடிச்சதில்ல. அடைகாத்து அடைகாத்துக் கடைசியில ஒண்ணைப் பொரிச்சுட்டீங்களே."

அன்றைக்கு நான் அழுதேன். சந்தோஷத்தில்தான். என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷமாக இருந்ததாக ஞாபகம் இல்லை.

அப்புறம் பதினோராவது ஆட்டம், அறுபத்து மூன்றாவது நிமிடம். பந்து மைதானத்தின் மறுபக்கம் இருந்தது, அவன் பக்கத்தில் யாருமில்லை. மெதுவாக ஓடிக்கொண்டிருந்தவன் நின்றான். முட்டியில் கை வைத்துக் குனிந்தான். பிறகு குப்புற விழுந்தான்.

"நடிக்க ஆரம்பிச்சுட்டான் பாருங்க, பெரிய ஸ்டாராயிட்டான்ல" என்று மச்சான் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு எதிரே கிளினிக்குக்குப் போய்விட்டேன். எங்கள் மதிய இடைவேளை முடிய இன்னும் நேரமிருந்தது. மெஷினைத் துடைத்தேன். ரப்பர் குமிழ்களைக் கழுவி வரிசையாகக் காய வைத்தேன். மச்சான் மூச்சு வாங்க ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

பத்து நாள் கழித்து அவன் அம்மா வந்தார். லாண்டரியில் இஸ்திரி போடுகிறவர். முன்கையெல்லாம் சூட்டுத் தழும்பு. படுக்கையைக் காட்டி, "இங்கதான் படுத்திருந்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஓரமாக உட்கார்ந்து, விரிப்பில் இருந்த சுருக்கத்தை உள்ளங்கையால் நீவி நீவிவிட்டார்.

"நீங்க எடுத்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு, சார்?"

"நல்லாத்தான் இருந்துச்சும்மா."

"அப்போ என் தப்புதான். அன்னிக்கு நேரமாயிருச்சு, சாப்பாடு வேணாம்னான். இழுத்து உட்கார வச்சு ரெண்டு வாய் ஊட்டி அனுப்பியிருக்கணும். விட்டுட்டேன் சார். வயித்துல ஒண்ணும் இல்லாமலே ஓடியிருக்கான்."

அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். அப்படியெல்லாம் நினைக்காதீங்க என்றேன். அவர் படி இறங்கிப் போன பிறகு என்னால் அடுத்த ஆளைக் கூப்பிட முடியவில்லை. வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள்.

இன்னொன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டால் முழு வாக்குமூலம் ஆகாது. அந்தச் செவ்வாய்க்கிழமை, குமிழ்களை எடுத்த பிறகு, சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே குருவி என்னிடம் ஒன்று கேட்டான்.

"அண்ணா, சில நேரம் ஓடி முடிச்சதும் கண்ணு இருட்டிக்கிட்டு வருது. ரெண்டு தடவை விழுந்துட்டேன். கோச்கிட்ட சொல்லல. சாப்பிடாம ஓடுறியே, அதான்னு அம்மா சொல்றாங்க. அப்படித்தானா?"

அவனுடைய ரிப்பன் அப்போது என் கையில் இருந்தது.

"அப்படித்தாம்ப்பா" என்றேன். "சாப்பிட்டுட்டு ஓடு."

இதோ அந்த ரிப்பன். கிழித்துப் போட மனசு வரவில்லை. சலூன் சீட்டோடு சேர்த்து மடித்து வைத்திருந்தேன். எண்ணிப் பாருங்கள், நாற்பத்தெட்டுதான் வரும். டாக்டரை விட்டுவிடுங்கள். கொன்றேன் என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அறுபது வயது வரை துணி அளந்துகொண்டிருப்பதைவிட அந்தப் பதினோரு ஆட்டம் பெரிது. அந்த கோலை அவனிடமிருந்து பிடுங்க நான் யார்? சின்ன வயதுக்காரர்களைப் பிடித்து வைக்கக் கூடாது, ஆட விட வேண்டும் என்று பதினெட்டு வருடமாகச் சொல்கிறேன். இன்றைக்கும் என் கட்சி அதுதான்.

கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. நாலே காலுக்கு மகன் பள்ளி விட்டு வருவான், நேராக வீட்டுக்குப் போகிறானா என்று பார்க்க வேண்டும். பள்ளி டீமில் ஆடிக்கொண்டிருந்தான். குருவி விழுந்த மறுநாளே நிறுத்திவிட்டேன். பூட்ஸை என் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அதற்கப்புறம் ஒன்பது தடவை அவனுக்கு ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று. ஒன்றிலும் ஒரு குறையும் இல்லை. இப்போதெல்லாம் கூசுகிறது என்று அவன் சிரிப்பதில்லை, பேசாமல் படுத்திருக்கிறான். "எனக்கு என்னப்பா, நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு ஆட விட மாட்டேங்கிறீங்க?" என்று மட்டும் கேட்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான். இருந்தாலும் இது நெஞ்சு விஷயம், மேடம். பெற்ற பிள்ளை விஷயத்தில் யாராவது அப்படித் துணிவார்களா?