ஒன்பது வீட்டுப் பேர்

...அதுதான் சொல்லுறன் தம்பி, பேரைக் கேட்டால் பேரைக் கேக்கோணும். முன்பேர் என்ன, பின்பேர் என்ன எண்டு கேட்டால் மனிசன் எதைச் சொல்லுறது? பேருக்கு முன்பக்கம் பின்பக்கம் இருக்கோ, சட்டை மாதிரி? இருங்கோ, இருங்கோ, இந்தக் கதிரையில இருங்கோ, மற்றது ஆடும். இந்தக் குடிவரவுக் கந்தோரில ரண்டு மணிக்குத்தான் விசாரணைக்குக் கூப்பிடுவினம். நீங்களும் பாவம், டோஸ்ட்ருப்பில விடியவே வெளிக்கிட்டு, ரெயிலோட கப்பலுக்குள்ள ஏறி, பேந்தும் ரெயிலில குந்தி, ஹொல்ஸ்டெப்ரோவுக்கு என்ர ஒருத்தன்ர கதையை மொழிபெயர்க்க வந்திருக்கிறியள். கோப்பி எடுக்கப் போறியளோ? உந்த மெசின் கோப்பி வேண்டாம். நான் போன கிழமை குடிச்சிட்டுச் சொல்லுறன்.

விசயம் இதுதான். என்ர மனிசி மேரிகிறேஸும் ரண்டு பிள்ளையளும் எட்டு மாசமாக் கொழும்பில, கொட்டாஞ்சேனையில ஒரு அறைக்குள்ள கிடக்கினம். அவையளை இஞ்ச டென்மார்க்குக்கு எடுக்க நான் மனுப் போட்டன். அதுக்கு வந்த பதில்தான் உங்கட கையில இருக்கிற நீலக் கடுதாசி. வாசிச்சியளோ? என்ன மரியாதையா எழுதியிருக்கினம் பாருங்கோ. திருமதி மேரிகிறேஸ், திரு. சூசைதாசன் எண்டவரின்ர மனைவி. மனுப் போட்டவர் திரு. ஸ்கெகில்பி. ஒருத்தற்ற மனைவியை இன்னொருத்தர் கூப்பிட இந்த நாட்டுச் சட்டத்தில இடமில்லை. அவவின்ர புருசன் விரும்பினால் அவரே மனுப் போடலாமாம்.

பதிமூண்டு வருசம் தம்பி. ரண்டு பிள்ளை. இப்ப நான் என்ர மனிசிக்கு அந்நிய ஆம்பிளை.

கலியாணப் பத்திரத்தில என்ன கிடக்கு? சூசைதாசன் அந்தோனிமுத்து. சூசைதாசன் அப்பா, அந்தோனிமுத்து நான். எங்கட ஊரில சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். இவையள் முன்னுக்குக் கிடக்கிறதை ஆளின்ர பேரெண்டு பிடிச்சிட்டினம். இஞ்ச வந்திறங்கின அண்டைக்கு என்ன நடந்ததெண்டால், பாஸ்போட் ஏஜென்சிக்காரனோட போட்டுது, வாயால சொல்லுறதுதான் பேர். ஒரு தாளை நீட்டி, "எஃப்டர்னவுன்" எண்டினம். குடும்பப் பேராம். எனக்கு முன்னுக்கு நிண்ட பதினொரு பேரும் தகப்பன்ர பேரை எழுதிப்போட்டு நகர்ந்தாங்கள். அதின்ர பலனை இப்ப அனுபவிக்கிறாங்கள். பிராண்டே எண்ட ஊரில சபாரத்தினத்தின்ர மகன் இருக்கிறான், அவனை ஃபாக்டரியில எல்லாரும் சபாரத்தினம் எண்டுதான் விரட்டுகினம். தகப்பன் செத்துப் பன்னிரண்டு வருசம். இண்டைக்கும் அந்த மனிசனுக்கு இரவு ஷிஃப்ட், பகல் ஷிஃப்ட். செத்தும் ஓய்வில்லை.

நான் அப்பிடி எழுதேல்லை. ஏனெண்டால் எங்களுக்குக் குடும்பப் பேர் இருந்தது. ஸ்கெகில்பி. சிரிக்கிறியளோ? சிரியுங்கோ. எங்கட ஊர் முருங்கனில எங்கட அம்மப்பாவை, இல்லை, அப்பப்பாவை, சுத்துவட்டாரம் முழுக்க அந்தப் பேராலதான் கூப்பிட்டது. தலைமன்னாருக்கு ரெயில் றோட்டுப் போட்ட காலத்தில அங்க கூடாரம் அடிச்சிருந்த இஞ்சினியர் துரை ஒருத்தர், ஸ்கெகில்பி துரை. அவருக்கு எங்கட அப்பப்பாவில சரியான பட்சம். அதால தன்ர பேரைக் குடுத்திட்டுப் போனவர். வெள்ளைக்காரன் ஆருக்கும் சும்மா ஒண்டைக் குடுப்பானோ? குடுத்தான், எங்களுக்கு.

உங்களுக்கு நம்பிக்கை இல்லை. பரவாயில்லை, இந்தக் கந்தோருக்கும் இல்லை. அதுக்குத்தான் அத்தாட்சி தேடினனான். இந்தக் கட்டைப் பிரியுங்கோ. இஞ்ச நூலகத்தில இங்கர் எண்டொரு பொம்பிளை. தங்கமான பிறவி. இங்கிலாந்தின்ர ரெலிபோன் புத்தகம் வேணும் எண்டு கேட்டன், கொப்பன்ஹேகனில சொல்லி ஒரு வண்டில் புத்தகம் எடுப்பிச்சுத் தந்தவா. ஏழு கிழமை தம்பி. மத்தியானம் டேனிஷ் வகுப்பு முடிய நேர அங்கதான். அந்த நாடு முழுக்கத் தேடி எத்தினை ஸ்கெகில்பி கண்டுபிடிச்சன் எண்டு நினைக்கிறியள்? ஒன்பது வீடு. ஐஞ்சு கோடிச் சனத்துக்கு மேல இருக்கிற நாட்டில ஒன்பதே ஒன்பது வீடு. சூசைதாசன் எத்தினை பேர் இருக்கிறான்? கோயிலில நிண்டு கூப்பிட்டால் பாதிச் சனம் திரும்பும். இது அப்பிடிப்பட்ட பேரில்லை.

இந்தாங்கோ, படம். சிவப்புப் பொட்டெல்லாம் நாங்கள்தான். லிங்கன்ஷயரில ஐஞ்சு, யோக்ஷயரில மூண்டு. ஒருத்தன் மட்டும் தெற்கில, இந்தக் கால்மாட்டில, கோர்ன்வோலில கிடக்கிறான், அவன் ஏன் அங்க போனானெண்டு தெரியாது, எந்தக் குடும்பத்திலயும் ஒருத்தன் அப்பிடித்தான். மற்ற எல்லாரும் எங்க நிக்கினம்? கிழக்குக் கரையில. எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு? இஞ்சால, டென்மார்க்கைப் பாத்துக்கொண்டு.

அதுக்கு இங்கர் ஒரு விளக்கம் சொன்னவா, கேட்டால் நீங்கள் கதிரையை விட்டு எழும்புவியள். உந்த 'பி' எண்டு முடியிற இங்கிலீஷ் பேரெல்லாம் இவையளின்ர பேராம். ஆயிரம் வருசத்துக்கு முன்னம் இஞ்சயிருந்து வள்ளத்தில போன சனம் அந்தக் கரையில குடியேறி வச்ச ஊர்ப்பேர். பி எண்டால் ஊர். முன்பாதி தாடி. தாடிக்காரன்ர ஊர். எனக்கு நாடியில எண்ணி நாலு மயிர் முளைக்காது, அது வேற கதை. ஆனா இவையளின்ர பாசையில எழுதிறது ஒண்டு, வாசிக்கிறது ஒண்டு எல்லோ. 'ஸ்கெகி' எண்டு எழுதிப்போட்டு 'ஸ்கெய்' எண்டுவினம். 'பி' எண்டு எழுதிப்போட்டு 'பூ' எண்டுவினம். வாய்க்குள்ள உருளைக்கிழங்கை வச்சுக்கொண்டு கதைக்கிற சனம்.

அப்ப நீங்கள் உள்ளுக்கு என்ன சொல்லோணும் எண்டால், இதைத்தான் சொல்லோணும். நான் அகதியா வரேல்லை. என்ர பேர் இஞ்சயிருந்து வெளிக்கிட்டு, கடல் தாண்டி, லிங்கன்ஷயரில தங்கி, துரையோட கப்பலேறி முருங்கனுக்கு வந்து, ஆயிரம் வருசத்தால திரும்பி வந்திருக்கு. திரும்பி வந்தவனிட்டை அத்தாட்சி கேக்கிறது என்ன நியாயம் எண்டு கேளுங்கோ. கொஞ்சம் மரியாதையாக் கேளுங்கோ.

...ஆரோ கூப்பிடுகினம். கதவுக்குள்ளால எட்டிப் பாக்கிறா, பச்சைச் சட்டைக்காரி. 'ஸ்கெய்லபூ'வாம். இஞ்ச ஆர் ஸ்கெய்லபூ? அந்தத் தாத்தாவா இருக்கும். இல்லை, அவர் அசையேல்லை. சரி, விடுங்கோ.

எங்க விட்டனான்? ஓம். ஒன்பது வீட்டுக்கும் கடுதாசி எழுதினன். எட்டுப் பேர் பதில் போடேல்லை. ஒரு கிழவி போட்டவா, லிங்கன்ஷயரில தனிய இருக்கிற மனிசி. என்ன அழகான எழுத்து. எங்கட ஊரெண்டு இப்ப ஒண்டுமில்லை, செம்மறியாடு மேயிற ஒரு வெளிதான், ஆனா பேர் மிச்சமிருக்கு எண்டு எழுதியிருக்கிறா.  எங்கட ஊரும் இப்ப அப்பிடித்தானே கிடக்கு. அந்தத் துரை தன்ர தாத்தாவின்ர தம்பியாம், கலியாணம் கட்டாமலே செத்தவராம், இலங்கையிலயிருந்து எழுதின கடுதாசியெல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள்ள இருக்காம், உங்களுக்காக ஒரு பந்தியைப் பாத்து எழுதியிருக்கிறன் எண்டு...

என்ன? ரண்டாம் பக்கமோ? முதல் பக்கம் போதாதோ?

நல்லாத்தான் பாக்கிறியள். ஓம், பாதியில நிக்குது. தபாலில தவறியிருக்கும். ...சரி, அப்பிடிப் பாக்காதேங்கோ. என்ர உள்பொக்கற்றுக்குள்ள இருக்கு. அதில ஒண்டும் பெரிசா இல்லை.

பாருங்கோ, ரண்டு மணியும் தாண்டிட்டுது. எங்களை இன்னும் கூப்பிடேல்லை. திரும்பவும் அவாதான், 'ஸ்கெய்லபூ, ஸ்கெய்லபூ' எண்டு. அந்த ஆள் வரேல்லைப் போல. இஞ்சத்தைச் சனம் நேரத்துக்கு உயிரை விடும் எண்டு சொல்லுவினம், பாத்தியளோ லட்சணத்தை? அந்த மனிசனால எங்கட நேரமும் போகுது. பொறுங்கோ தம்பி, என்ர கையைப் பிடிச்சு இழுக்காதேங்கோ, சொல்லத் தொடங்கினதைச் சொல்லி முடிக்கிறன். இல்லாட்டிப் பேந்து சொல்ல மாட்டன்.

அப்பப்பாவுக்குச் செக்கு இருந்தது. நல்லெண்ணெய்ச் செக்கு. ஒரு வருசம் மாட்டு வருத்தம் வந்து ரண்டு மாடும் செத்துப் போச்சு. மாடு வாங்க வழியில்லை. மனிசன் நுகத்தைத் தன்ர தோளில வச்சு, தானே செக்கை இழுத்தது. ஒரு வருசமோ, ஒண்டரை வருசமோ. அண்டையிலயிருந்து ஊருக்கு அவர் செக்கிழுப்பி. அப்பா செக்கிழுப்பியின்ர மகன். நான் செக்கிழுப்பியின்ர பேரன். பள்ளிக்கூடத்தில நான் எழும்பி நிண்டால் பின் வாங்கிலில ஒருத்தன் 'கிறீச், கிறீச்' எண்டு செக்குச் சத்தம் போடுவான். வாத்தியாரும் சிரிப்பார். சோறு இறங்காது தம்பி, அப்பிடியான சிரிப்பு. எனக்குப் பத்து வயசு இருக்கும், ஒருநாள் எங்கட பங்குச் சுவாமி கேட்டிட்டு, "டேய், செக்கிழுப்பி இல்லை, ஸ்கெகில்பி. அப்பிடியொரு இங்கிலீஷ் பேர் இருக்கு. இஞ்ச ஒரு துரையே இருந்தவர்" எண்டார். பகிடிக்குச் சொன்னாரோ, பாவம் பாத்துச் சொன்னாரோ. நான் அதைப் பிடிச்சுக்கொண்டன். கொப்பியில அப்பிடித்தான் எழுதினன். எழுதி எழுதி, துரை தந்த கதையும் எங்கயிருந்து வந்ததெண்டு எனக்கே தெரியாது, வந்திட்டுது.

அந்தத் தாளை நீட்டினபோது வேற ஒண்டும் யோசிக்கேல்லை. இஞ்ச ஆருக்கும் என்னைத் தெரியாது. ஒரு நாட்டிலயாவது அந்தப் பேரோட இருப்பம் எண்டு எழுதினன். அதுக்கும் பலன் இல்லை. அந்தோனிமுத்தைச் சுருக்கி வகுப்பில அன்ரன், வேலையில அன்ரன். தாளில இருக்கே தவிர, இண்டு வரைக்கும் ஒருத்தரும் வாய் திறந்து அந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டதில்லை.

ரண்டாம் பக்கத்தில என்ன இருக்கெண்டால், சொல்லுறன், துரை எழுதியிருக்கிறார்: 'இந்த ஊரில ஒரு எண்ணெய்க்காரனுக்கும் என்ர பேராம், என்ன அதிசயமோ தெரியாது. சனம் அவனைக் கூப்பிடுற நேரமெல்லாம் நான் கூடாரத்தை விட்டு வெளிய ஓடி வாறன். என்னைப் பாத்துச் சிரிக்கினம்.' இவ்வளவுதான். அப்பப்பாவில பட்சமும் இல்லை, பேர் குடுத்ததும் இல்லை. எங்கட பேர் எங்கட மாடு செத்து வந்த பேர்.

இப்ப என்ன செய்ய? உண்மையைச் சொல்லுவம் எண்டால், எனக்கு முதலே இஞ்ச வந்த செல்வரட்ணம் அண்ணை வெருட்டுறார். பேர் பொய்யெண்டால் மிச்சக் கதையும் பொய்யெண்டு எழுதி, பிளேன் ஏத்திவிடுவினமாம். ஸ்கெகில்பிதான் எண்டு நிண்டால் மேரிகிறேஸ் அந்த அறையிலயே இருக்கோணும். போன கிழமை போனில மூத்தவள் கேட்டாள், "அப்பா, நீங்கள் இப்ப எங்கட அப்பா இல்லையாம், உண்மையோ?" எண்டு. மூண்டு நிமிசக் கோல். போனை அம்மாட்டைக் குடு எண்டன். நீங்கள் ரெயிலால இறங்கின உடனயே சொன்னியள், சொன்னதைச் சொன்னபடிதான் சொல்லுவன், கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன் எண்டு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. கொஞ்சம் கூட்டிச் சொல்லுற ஆளை அனுப்பியிருக்கலாம் இவையள்...

மூண்டாம் தரமும் வந்திட்டா. இப்ப மற்ற ஃபைலைத் திறந்து பாக்கிறா. என்னவோ வாசிக்கிறா, நாக்குப் புரளாமல்... சூசை... சூசைதாசன்?

யா! யா, இஞ்ச, வாறன், நான்தான், ஓம்...

...தம்பி.

நான் இப்ப ஏன் எழும்பினனான்?

சிரிக்கிறா. என்னத்தையோ எழுதுறா பாருங்கோ. என்ன எழுதுறா? மற்ற ஃபைல் மேரிகிறேஸின்ரயோ? முதலும் என்னைத்தானோ கூப்பிட்டவா? அந்த ஸ்கெய்லபூ, ஸ்கெகில்பிதானோ... ரண்டு தரமும்? அதுக்குத்தான் கையைப் பிடிச்சு இழுத்தியளோ? வாயால சொல்லியிருக்கலாமே. நான் எங்க சொல்ல விட்டனான், அதுவும் சரிதான்.

அந்தத் துரை எண்டாலும் தன்ர பேர் எண்டு நினைச்சு ஓடி வந்தான். நான் ஏழு கிழமை தேடின பேர், இண்டைக்குத்தான் முதல் முதலா ஒருத்தி வாய் திறந்து கூப்பிட்டவா, வேற ஆரோ எண்டு ஏசிக்கொண்டு இருந்திட்டன். அப்பா பேர் காதில விழ, கால் தன்பாட்டில எழும்பிட்டுது.

பயமாத்தான் இருக்கு.  இல்லை, வாறன், வாறன், கதவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. இந்தாங்கோ, ரண்டாம் பக்கம். படம் வேண்டாம், அது இஞ்சயே கதிரையில கிடக்கட்டும். செக்குக் கதையையும் சொல்லுங்கோ, மாடு செத்ததையும் சொல்லுங்கோ, ஒண்டையும் கூட்டவேண்டாம். ஆனா முதல்ல இதைச் சொல்லுங்கோ தம்பி. மேரிகிறேஸின்ர புருசன் மனுப் போட வந்திருக்கிறான் எண்டு சொல்லுங்கோ.